மதினி டபரா வைத்த இடம்

அந்த டிரேசிங் தாளில் ஒரு காபி வளையம் இருந்தது. டபராவின் அடிப்பாகம் அளவுக்கு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்ததால் விளிம்பு தடித்துப்போன பழுப்பு வளையம். வரைபடத்தில் கறை பட்டால் எங்கள் ஆபீஸில் ஆளைத் தின்றுவிடுவார்கள். ஆனால் அந்த டபராவை வைத்தவர் என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் அந்த ஆபீஸில் ஒருவரும் கிடையாது.

எண்பதுகளில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஹோட்டலுக்கு மேல்மாடியில் அந்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் இருந்தது. மதினி அங்கே தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் வேலைகளுக்கான இன்ஜினியர். நான் படம் வரைகிறவள். தாராவியிலிருந்து இருவரும் ஒன்றாகவே நடந்து வருவோம். வீட்டில் நாத்தனார், ஆபீஸில் மேலதிகாரி. என் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

செம்பூரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தை விரிவாக்கும் வேலை எங்களுக்கு வந்தது. புதிய நூலகம், ஆய்வுக்கூடங்கள், ஆடிட்டோரியம், பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தித் திட்டமிட வேண்டும் என்பது எங்கள் பெரியவரின் பிடிவாதம். ஆபீஸ் முதலாளியைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். கட்டடத்துக்கு ஒரு தாள், சாலைக்கு ஒரு தாள், மின்சாரத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. எல்லாம் ஊடுருவித் தெரிகிற தாள்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் வளாகம் முழுதாகத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட வரும் பல்கலைக்கழக அதிகாரிக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? கட்டடத் தாளை மட்டும் விரிப்பார். விரித்ததும் அவருடைய பென்சில் நேராக ஹாஸ்டலுக்குப் போகும். "லேடீஸ் ஹாஸ்டல் பாத் மே. செகண்ட் ஃபேஸ்" என்பார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பம்பாயில் ஒருவர் சொன்னால் அது எப்போது நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? அந்த மூலையில் கார் நிறுத்துமிடம் வரைய அவருக்குக் கை துறுதுறுக்கும். பென்சில் தாளைத் தொடுவதற்குள் மதினி தன் டபராவைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடுவார். "கரம் ஹை சாப், சம்பால்கே" என்று ஒரு எச்சரிக்கை வேறு. சூடாக இருக்கிறதாம்!

அந்த ஹாஸ்டல்மேல் ஏன் இவ்வளவு பிடிப்பு என்று ஒருநாள் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"மேல்படிப்புக்குப் புனாவுல எனக்கு சீட்டு கெடச்சுதுட்டி. பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கெடையாதுன்னுட்டான். தங்க எடமில்லாத ஊருல எம்பிள்ளைய எப்படி விடுவேன்னு எங்கய்யா அழுதாரு. அவரச் சொல்லி என்ன செய்ய? பையங்களுக்கு மட்டும் கெட்டி வச்சிருந்தாம்லா, அவனச் சொல்லணும்."

சொல்லிவிட்டு என்னை முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

சில நாளில் தண்ணீர்த் தாளை என்னிடம் வரையக் கொடுத்தார். வரைய வரைய எனக்குக் கை நின்றுவிட்டது. வளாகம் முழுவதற்குமான நிலத்தடித் தொட்டியும் பம்ப் ரூமும் ஹாஸ்டலுக்கு அடியில் இருந்தன. மேல்நிலைத் தொட்டி ஹாஸ்டலின் மொட்டை மாடியில். நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஆடிட்டோரியத்துக்கும் அங்கிருந்துதான் குழாய் போகிறது.

"மதினி, இது என்ன..." என்று இழுத்தேன்.

"பேசாம வரைட்டி. பொய் ஒண்ணும் போடல. இருக்கதுலயே பள்ளமான எடம் அதுதான். முனிசிபாலிட்டித் தண்ணி எவ்வளவு மெதுவா வந்தாலும் அங்க வந்து விழும். உசரமான கெட்டடமும் அதுதான்."

வாயை மூடிக்கொண்டு வரைந்தேன். அதிகாரி அதில் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். தண்ணீர்த் தாளை யார் பார்க்கிறார்கள்? குழாயைத் திறந்தால் வர வேண்டும், அவ்வளவுதானே. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று தொட்டிக்குக் குழி வெட்டி கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில், ஹாஸ்டலை முதல் கட்டத்திலிருந்து எடுத்துவிடுவதாக அதிகாரி முடிவாகவே சொன்னார். பெரியவர் எல்லாத் தாள்களையும் மேசையில் அடுக்கி விளக்கைப் போட்டார். ஹாஸ்டலை உள்ளங்கையால் மறைத்து, அங்கிருந்து கிளம்பும் நீலக்கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். அதை எடுத்தால் நூலகத்தில் கை கழுவக்கூடத் தண்ணீர் வராது. தனியாக ஒரு டவர் கட்டித் தொட்டியை அதன்மேல் ஏற்றலாமே என்று அதிகாரி கேட்டார். கட்டலாம், அந்த மூலை காருக்கு வேண்டுமென்றால் போட்ட தொட்டியை மூடிவிட்டு எல்லாவற்றுக்கும் புதிதாக அனுமதி வாங்கி வாருங்கள் என்று பெரியவர் வெகு பணிவாகச் சொன்னார். நான் மதினியைப் பார்த்தேன். இந்தத் தடவை அவர் டபராவைத் தாளில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தார். கடைசியில் அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் படியிறங்கிப் போனதும் பெரியவர் திரும்பினார். "ஏம்மா, தெரிஞ்சேதானே பண்ணினே?"

"காப்பி ஆறிப்போச்சு சார். வேற சொல்லட்டுமா?" என்றார் மதினி.

நூலகம் எழுவதற்கு முன்பே ஹாஸ்டல் எழுந்தது.

சமீபத்தில் ஒரு வேலையாக அந்த வளாகத்துக்குப் போயிருந்தேன். ஹாஸ்டல் பால்கனிகளில் வரிசையாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, நான் தமிழ் என்று தெரிந்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள். "இங்க தூங்கவே முடியல ஆன்ட்டி, எப்பப் பாத்தாலும் மோட்டார் சத்தம். எந்த மடையன் பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டலுக்கு அடியில கொண்டு பம்ப வச்சானோ!"

அங்கிருந்து நேராக பாண்டுப்புக்கு ரயில் ஏறினேன். மதினி இப்போது அங்கே இருக்கிறார். காது மந்தம், அதனால் அந்தப் பிள்ளை திட்டியதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பில் கையிலிருந்த காபி தளும்பியது. டபராவை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திட்டட்டும்ட்டி, நல்லாத் திட்டட்டும். திட்டுததுக்கு அங்க பிள்ளைக படுத்துக் கெடக்குல்லா?"