முசே அந்துவான் பிரிக்காத பாக்கெட்டுகள்

செய்தி வந்தபோது சேதராப்பட்டில் கம்பெனியில் இருந்தேன். பகல் ஷிஃப்ட். பாஸ்கர் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார். "அந்துவான் போயிட்டாரு. நாளைக்குக் காலைல மாதா கோயில்ல பூசை. வந்துடு." படித்துவிட்டு செல்போனைச் சட்டைப் பையில் போட்டேன். கையில் இருந்த பிளாஸ்டிக் மூடியை அளந்து, சரி என்று குறித்து, அடுத்ததை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வருத்தம் வரவில்லை. ஒரு வழியாக ஒழிந்தார் என்றுதான் நினைத்தேன்.

இப்படியா ஓர் அஞ்சலியைத் தொடங்குவது என்று கேட்பீர்கள். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் ஜெராக்ஸ் இதழுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னவர் பாஸ்கர். "நீதான் எழுதணும். வேற யாரு எழுதினாலும் நல்லா இருக்காது" என்றார். ஏன் நான்தான் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும். இதைப் படிக்கிறவர்களில் அநேகமாக எல்லோரும் அவரை அறிந்தவர்கள், உங்களிடம் பூசி மெழுக முடியாது. செத்துப்போனால் எவரும் நல்லவர் ஆகிவிடுவது நம் ஊர் வழக்கம். எனக்கு அது கைவரவில்லை.

கூட்டத்துக்குப் புதிதாக வந்த இரண்டு பேருக்காகக் கொஞ்சம் விளக்கம். பெரிய மார்க்கெட் பக்கத்தில் பாஸ்கரின் போட்டோ ஃபிரேம் கடை மாடியில் அப்போது ஏழு பேர் கூடுவோம். பிளாஸ்டிக் கிட் வாங்கி விமானமும் கப்பலும் ஒட்டுகிறவர்கள். கிட்டோடு வருகிற பாகங்கள் சுமாராகத்தான் இருக்கும். விமானியின் இருக்கை முக்காலி மாதிரி இருக்கும், மீட்டர் பலகையில் ஒரு முள்கூட இருக்காது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே வெளிநாட்டில் சில சின்னக் கம்பெனிகள் தனி உதிரிகள் செய்து விற்கின்றன. ரெசின் என்கிற பிசினில் வார்த்த காக்பிட், மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்த சீட் பெல்ட், இப்படி. கிட்டின் பாகத்தை அறுத்து எறிந்துவிட்டு இதை உள்ளே பொருத்தவேண்டும். பொருத்திவிட்டால் அது வேறு விமானம். ஆனால் இந்த உதிரி நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. பிரான்சில் ஒரு சொந்தக்காரர் இருந்து, அவர் ஊருக்கு வரும்போது மனசும் வைத்தால்தான் உண்டு.

அந்துவானுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் குருசுக்குப்பத்துக்குத் திரும்பியவர், அதனால் எங்களுக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. பட்டாளம் என்றதும் துப்பாக்கி தூக்கினார் என்று நினைத்துவிட வேண்டாம். சாமான் கிடங்கில் பொறுப்பாளர். 'மகஸேன்' என்பார் அதை. அங்கே கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். மகள் தெரேஸ் பிரான்சிலேயே தங்கிவிட்டதால் இரண்டு மாதத்துக்கு ஒரு பார்சல் வரும்.

கூட்டத்துக்கு முதல் ஞாயிறே ஒரு தோல் பையோடு வந்தார் அந்துவான். எல்லோரையும் கை கழுவிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருபது பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கினார். எல்லாமே உதிரிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "பாக்கலாம். தொடக் கூடாது" என்றார். "எப்ப முசே இதையெல்லாம் ஒட்டப் போறீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கெட்ட வார்த்தையைக் காதில் கேட்டுவிட்டவர்போல அந்துவான் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டறதா? பிரிச்சா அது சாமான்ப்பா. பிரிக்காம இருந்தாத்தான் கொலெக்ஸியோன்." நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

தன் கையால் ஒரு விமானம்கூட ஒட்டாதவர், மற்றவர்கள் ஒட்டியதைப் பற்றி மட்டும் வாய் ஓயமாட்டார். பாஸ்கர் ஒருமுறை, ஒயின் பாட்டில் கழுத்தில் சுற்றியிருக்கும் தகட்டை உரித்து, பிளேடால் கீறி, ஒரு மாதம் உட்கார்ந்து சீட் பெல்ட் செய்து கொண்டுவந்தார். அந்துவான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பாஸ்கர், இதுல யாரைக் கட்டப் போறே? எருமையையா?" மாடியே சிரித்தது. வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். பாஸ்கர் அந்த விமானத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார், திரும்பக் கொண்டுவரவே இல்லை. அதே விமானத்துக்கான பித்தளை பெல்ட் அன்றைக்கு அந்தத் தோல் பையிலேயே இருந்தது. நான் பார்த்தேன். "ஒண்ணு அவருக்குக் குடுங்களேன் முசே" என்றேன். "குடுத்தா ஒட்டிடுவீங்க" என்றார்.

இந்த ஒரு வரியை நாம் எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பாஸ்கர் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன், நாள் முழுக்க என் கையில் வெர்னியர் அளவுகோல்தான். "வந்துட்டாரு முசே வெர்னியர். தோசையக்கூட அளந்துதான் திம்பாரு" என்று படி ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார். பொறுத்துக்கொண்டேன். பொறுத்தது எல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம். என் மச்சினன் பாரீசிலிருந்து வந்தபோது மிராஜ் விமானத்துக்கான ரெசின் காக்பிட் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு வருஷமாக அவனை நச்சரித்து வாங்கியது. அது வரப்போகிறது என்ற தைரியத்தில் கிட்டின் காக்பிட்டை முன்கூட்டியே அறுத்து எறிந்து, உள்சுவரையும் இழைத்துத் தயாராக வைத்திருந்தேன். பாக்கெட்டைப் பிரித்த கையோடு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அந்துவான் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மூணு வாரம் வெச்சிருந்து தரேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "பாக்கத்தான்." வயசானவர் ஆசையாகக் கேட்கிறாரே என்று கொடுத்தேன்.

சொன்னபடி மூன்றாவது வாரம் பஞ்சில் வைத்துத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து விமான உடலுக்குள் வைத்துப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது. இரண்டு பக்கமும் போஸ்ட் கார்டைச் செருகும் அளவுக்கு இடைவெளி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலெல்லாம் ஊசிமுனை அளவுக் குழிகள். நான் அச்சில் வார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறவன். ஒரு பொருளை வைத்து ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சில் இன்னொன்று வார்த்தால் அது அசலைவிடக் கொஞ்சம் சுருங்கும். கவனமில்லாமல் ஊற்றினால் காற்றுக் குமிழ் தங்கிக் குழி விழும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அசலை வைத்துக்கொண்டு நகலை என் தலையில் கட்டிவிட்டார் கிழவர்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் காக்பிட்டையும் விமான உடலையும் வெர்னியரையும் மேசையில் வைத்தேன். ஒவ்வொருவராக வந்து பார்த்தீர்கள்.

"எங்கிட்டயே இதுல ரெண்டு இருக்குது. உன்னுது எனக்கு எதுக்கு?" என்றார் அந்துவான்.

"ரெண்டு வெச்சிருக்கறவரு என்னுத எதுக்கு வாங்கிட்டுப் போனீங்க?"

"உள்ள எப்பிடி இருக்குதுன்னு பாக்கத்தான்."

"உங்களுத பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

தோல் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. "சரி, அதுல ஒண்ணை எடுத்துட்டு வாங்க. இங்கயே பிரிச்சு அளந்துடலாம். ரெண்டும் ஒண்ணா இருந்தா உங்க கால்ல விழறேன்."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். "பிரிக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

"அப்ப நீங்க திருடன்தான்" என்றேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. சிலர் தலையாட்டினீர்கள். பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டு, "முசே, இனிமே நீங்க வராம இருந்தா நல்லது" என்றார். அந்துவான் தொப்பியை மாட்டிக்கொண்டு, தோல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவரோடு பேச நேர்ந்தது ஒரே ஒரு முறை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் நேருக்கு நேர் வந்துவிட்டார். நான் விலகிப் போகப் பார்த்தேன். குடையை நீட்டி மறித்தார். "அளந்தியே, எதை வெச்சு அளந்தே?" என்றார்.

"வெர்னியர வெச்சுத்தான்."

"அது தெரியுது. எதோட ஒப்பிட்டே?"

"போய் வேலையப் பாருங்க முசே" என்று குடையைத் தள்ளிவிட்டு நகர்ந்தேன். நான் வாடிக்கையாக மீன் வாங்கும் அம்மா, "யாருண்ணே அது?" என்று கேட்டார். "அது ஒரு திருட்டுக் கெழவன்" என்றேன். அந்துவான் இரண்டடி கூடத் தாண்டியிருக்கவில்லை. காதில் விழுந்திருக்கும். விழவேண்டும் என்றுதான் சொன்னேன்.

பூசைக்குப் போனேன், கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து, அடக்கத்துக்கு வந்திருந்த மகள் தெரேஸ் பாஸ்கரைக் கூப்பிட்டாராம். வீட்டைக் காலி செய்துவிட்டு பிரான்ஸ் திரும்புகிறார், அப்பாவின் பாக்கெட்டுகளைக் கூட்டத்துக்காரர்கள் எடுத்துக்கொள்ளவேண்டும் என்றாராம். நான் வரமாட்டேன் என்றேன். "உன்னுது அங்க இருந்தா எடுத்துக்க வேணாமா?" என்றார் பாஸ்கர். அந்தச் சொல்லுக்கு மயங்கிப் போனேன். சட்டைப் பையில் வெர்னியரையும் செருகிக்கொண்டேன். துக்க வீட்டுக்கு அளவுகோலோடு போனவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரும்பு அலமாரி ஒன்று. விமானத்தின் பெயர்வாரியாக அடுக்கி, அவருடைய சுருள் எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றுகூடப் பிரித்ததில்லை. பாஸ்கர் தன் விமானத்துக்கான பித்தளை பெல்ட்டைக் கண்டுபிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எருமைக்கு" என்றார்.

மிராஜ் தட்டில் இரண்டு பாக்கெட்டுகள் இருந்தன, கம்பெனி ஒட்டிய ஒட்டு கலையாமல். என்னுடைய அசலைத் தேடினேன். மற்ற தட்டுகள், டிராயர்கள், கட்டிலுக்கடி, பரண். இல்லை. ரப்பர் அச்சு இல்லை. ரெசின் டப்பா இல்லை. அந்த வீட்டில் ஒரு பசை டியூப்கூட இல்லை. நகல் வார்க்கிறவன் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்த வீடு இல்லை. தெரேஸிடம் கத்தரிக்கோல் வாங்கி, தரையில் உட்கார்ந்து, ஒரு பாக்கெட்டை வெட்டினேன். காக்பிட்டை எடுத்து அளந்தேன். என் காக்பிட்டின் அளவு ஆறு வருஷமாக எனக்கு மனப்பாடம். அதே அளவு. அதே ஊசிமுனைக் குழிகள். இரண்டாவதையும் வெட்டினேன். அதுவும் அதேதான். செய்கிற கம்பெனியே அப்படித்தான் செய்கிறது. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்டினால் சரியாக உட்கார்ந்திருக்கும். நாம் யாரும் அதை முன்னால் செய்து பார்த்தவர்கள் இல்லை.

"இன்னொரு தரம் அள" என்றார் பாஸ்கர். அளந்தேன்.

என் வேலையில் முதல் பாடமே, பக்கத்தில் ஒரு மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு அளப்பதுதான். அது இல்லாமல் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவனை நான் லைனிலேயே நிற்க விடமாட்டேன். எதோட ஒப்பிட்டே என்று மீன் கடைப் பக்கம் அவர் கேட்டது இதைத்தான். நான் எதோடும் ஒப்பிடவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது, அதை வைத்து அளந்துவிட்டேன்.

இது தெரிந்தபிறகு அவர்மேல் இருந்த கோபம் குறையும் என்று நினைப்பீர்கள். கூடித்தான் போனது. ஒரு கத்தரிக்கோல் வெட்டு, யோவ்! ஒரே ஒரு வெட்டு! அன்றைக்கே முடிந்திருக்கும். நான் உம் காலில் விழுந்திருப்பேன். ஒரு பிளாஸ்டிக் உறை கிழியக் கூடாது என்று திருடன் பட்டத்தோடு ஆறு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தீரே, அப்படி என்ன அதில் இருந்தது? சந்தேகப்படுகிற பயலுக்காக நான் பிரிப்பதா என்ற வீம்பா? எதுவாக இருந்தாலும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைச் சொல்லிச் சண்டை போடவும் அவர் இல்லை.

புறப்படும்போது தெரேஸ் கேட்டார். "அண்ணே, அப்பா ஏன் ஞாயித்துக்கெழம அங்க போறத நிறுத்திட்டாரு? போன்ல கேட்டா, கூட்டம் கலைஞ்சு போச்சும்மான்னுவாரு."

பாஸ்கர் என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி அந்துவான் தன் மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"கூட்டம் கலையலம்மா" என்றேன். "நான்தான் அவரைத் திருடன்னு சொன்னேன். அவரு எடுக்கல. இப்பத்தான் தெரிஞ்சுது."

தெரேஸ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையில் கிடந்த இரண்டு கிழிந்த உறைகளையும் பொறுக்கி, கையால் நீவி, அந்தந்தக் காக்பிட்டை உள்ளே போட்டு, எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அந்துவான் கருமி. தலைக்கனம் பிடித்தவர். வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடாதவர். பாஸ்கருக்கு அவர் செய்ததை நான் மறக்கப் போவதில்லை. மேலே எழுதியதில் ஒரு வரியையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அவர் திருடன் இல்லை. வருகிற ஞாயிறு அதே மாடியில், அதே மேசை முன்னால் நின்று இதை வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். அன்றைக்குத் தலையாட்டியவர்கள் எல்லோரும் வந்து கேட்கவேண்டும்.

அலமாரியிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது திருடன் என்ற அந்த ஒரு சொல். அவருக்குக் கொடுத்தவன் நான், இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடுத்தவருடைய நல்ல பெயரை எடுத்துக்கொண்டு, அவர் சாகிறவரை திருப்பிக் கொடுக்காமல் இருந்தவன் நான்தான்.