வாசித்தவரே திருத்த வேண்டும்

அரசுத் தொலைக்காட்சியில் மாலை ஏழு மணிச் செய்தி வாசிப்பவளுக்கு ஊரில் ஒரே பட்டப்பெயர்தான்: குழாய். பிடித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், பிடிக்காதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சொல்லும்போது முகம் மட்டும் வேறாக இருக்கும்.

பெயர் வந்தது தொலைக்காட்சியில் சேர்வதற்கு முன்பே. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். வருடத்துக்கு நாலைந்து பேராவது அடிபட்டுச் செத்தார்கள். நடைபாலம் கேட்டு நான்கு வருடம், கையில் ஒலிபெருக்கிக் குழாயோடு தெருத்தெருவாகக் கத்தியவள் அவள். தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடியும் கிளம்புவாள். கடைசியில் பாலம் வந்தது. வந்த சூட்டோடு அரசுத் தொலைக்காட்சி அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. மக்களின் குரல் எங்களிடமே இருக்கிறது பாருங்கள் என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நான்கு வருடத்தில் அவள் ஒன்றைக் கண்டிருந்தாள்: தொலைக்காட்சி சொல்லாத சாவு எந்த அலுவலகத்திலும் சாவாகவே இருக்கவில்லை. உள்ளே போனால் சொல்லலாம் என்று நினைத்தாள். போனாள்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம், அந்தப் பக்கத்து மருத்துவமனையை மூடப்போவதாக உத்தரவு வந்தது. ஜனங்கள் போராடி வாங்கிய பாலத்தின் மேலேயே ஊர்வலம் போனார்கள். அவளுடைய தம்பியும் போனான். அன்று மாலை ஆறே முக்காலுக்கு, வாசிக்க வேண்டிய செய்தி எழுதிய தாள் அவள் மேசைக்கு வந்தது. "நடைபாலத்தில் கூடியவர்கள் அமைதியாகக் கலைந்து சென்றனர். யாருக்கும் காயம் இல்லை." படித்ததும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி குரலிலும் தெரியும்படி வாசித்தாள். ஆறு வினாடி. வாசித்த தாளில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருந்தது. தம்பிக்கு முன்கை முறிந்திருந்தது. முதுகெலும்பும் போயிருந்தது.

யாருக்கும் காயம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டதால் ஆஸ்பத்திரி வேறு காரணம் எழுத வேண்டியதாயிற்று. தம்பியின் சான்றிதழில் "படியில் தவறி விழுந்தது" என்று இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார்கள். அன்று ஊரில் சோப்பு மழை பெய்ததோ என்னவோ. பொது இடத்தில் அடிபட்டவர்களுக்கு என்று அரசின் மறுவாழ்வு மையம் ஒன்று உண்டு. இடுப்புக்குக் கீழே செத்த உடம்பை உட்காரவும் நகரவும் பழக்குவதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். படியில் விழுந்தவனுக்கு அங்கே கட்டில் இல்லை.

அதனால் அந்த வேலையை வீட்டில் அவளே செய்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, குதிகாலும் வால் எலும்பும் சிவக்கிறதா என்று பார்ப்பது, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. அவள் நிலையத்தில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொண்டாள். தம்பி தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டான். அவளை அக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான்.

"வந்துட்டாங்க செய்தி மேடம். இன்னைக்கு நாட்டுல யாருக்கும் காயம் இல்லையே?"

"முதுகைக் காட்டு."

"முதுகுலயும் காயம் இல்லைன்னு செய்தியில சொல்லிடுங்க."

அவள் ஈரத்துணியை எடுப்பாள்.

பாலத்துக்காக அவளோடு தெருவில் நின்ற தையற்காரி மூன்றாம் மாதம் வாசலுக்கே வந்துவிட்டாள். சோற்றுக்காகக் குரலை விற்றவள் என்று அச்சடித்த தாளை இடது கையால் அவள் காலடியில் வீசினாள்.

"ராஜினாமா குடுத்துட்டு வந்து எங்களோட நில்லு. முடியாதுன்னா தினம் நேரலையிலதானே உக்காந்திருக்கே? அடிச்சாங்கன்னு ஒரு வார்த்தை. அஞ்சு செகண்டு ஆகுமா?"

"சொன்னா என்ன ஆகும்?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு இப்பவே தெரியும். மையத்துல உக்காந்திருக்கிற கிளார்க்குக்குத்தான் தெரியாது. அவனுக்குக் காகிதம் வேணும். நான் அஞ்சு செகண்டுல கத்தினா அது என் பேச்சு, பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு வெளியே தள்ளிடுவாங்க. திருத்தம்னு பதிவுல ஏறினா அது அவங்க பேச்சு."

"நாற்காலி சுகம் விடலைன்னு நேராச் சொல்லேன்டி."

நாற்காலிக்கு ஒரு காரணம் இருந்தது. நிலையத்தின் விதிப் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் அது. வாசித்த செய்தி தவறு என்று தெரிந்தால் வாசித்தவரே, பணியில் இருக்கும்போதே, அதைத் திருத்தி வாசிக்க வேண்டும். வாசித்தவர் பணியில் இல்லையென்றால் திருத்தம் தேவையில்லை. எப்போதோ ஓர் அமைச்சரின் பிறந்த நாளை யாரோ தப்பாக வாசித்ததற்காகப் போட்ட விதி. அவள் ராஜினாமா செய்த நிமிடமே பாலத்துச் செய்தி காலாகாலத்துக்கும் உண்மையாகிவிடும்.

ஆகவே உட்கார்ந்தாள். ஏழு வருடம். அதில் அவள் வாசித்தவற்றில் வேறு எத்தனை பொய் என்று அவளுக்கே தெரியாது. அதற்கு அவள் சாக்குச் சொன்னதில்லை. தையற்காரி வாரம் ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போவாள். சந்தையில் ஒருமுறை யாரோ அவள் புடவையில் மையை ஊற்றினார்கள். வீட்டுக்குப் போய் வேறு உடுத்திக்கொண்டு ஏழு மணிக்கு வாசித்தாள். நிலையத்துக்குள்ளேயோ அவளைப் பழைய கலகக்காரி என்று பார்த்தார்கள். அவள் வந்தால் தேநீர் அறையில் பேச்சு நின்றுவிடும்.

வருடந்தோறும் அதே தேதியில் திருத்தப் படிவத்தை மூன்று பிரதி நிரப்பிச் செய்தித் தலைவரிடம் கொடுப்பாள். முதல் வருடம் ஆதாரம் இல்லை என்று திரும்பியது. இரண்டாம் வருடம் தம்பியின் சான்றிதழை வைத்தாள். "படியில விழுந்ததுக்கு நாம எதுக்கும்மா திருத்தம் போடணும்?" என்றார் தலைவர். மூன்றாம் வருடம் படிவம் பழையது. நான்காம் வருடம் காணவில்லை. ஐந்தாம் வருடம் பார்க்கலாம்.

ஆறாம் வருடம் தம்பியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது மாவுக்கட்டு அறைக்கு வெளியே காத்திருந்தாள். உள்ளே வயதான நர்ஸ் ஒருத்தி, கட்டுத் துணி தீர்ந்துவிட்டது என்று யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதே மாதிரிதான் அந்தப் பாலத்து நாளும். குழந்தைங்க வார்டுல போய்க் கடன் வாங்கிக் கட்டினேன்."

குழாய் எழுந்து நின்றாள். "அன்னைக்கு எத்தனை பேருக்குக் கட்டினீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"ஞாபகம் எதுக்கு? புஸ்தகம் இருக்கே."

அவசரப் பிரிவின் பெரிய பதிவேட்டைப் பாலத்துச் சம்பவத்துக்கு மறுநாளே எடுத்துப்போய், ஒரே கையெழுத்தில் ஒரே மையில் புதிதாக எழுதி வைத்துவிட்டார்கள். மாவுக்கட்டு அறையில் தனியாக ஒரு புத்தகம் இருப்பது யார் நினைவுக்கும் வரவில்லை. பெயர், வயது, எந்த எலும்பு, எப்படி. ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் பதினான்கு பேர். எப்படி என்ற கட்டத்தில் பதினான்கு தடவையும் "பாலம்" என்று எழுதியிருந்தது. ஒன்பதாவது தம்பி.

அவள் பக்கத்தைக் கிழிக்கவில்லை, படம் எடுக்கவில்லை. முத்திரையோடு நகல் கேட்டு மனு எழுதினாள்.

"முறையாக் கேட்டா யாரு குடுக்க மாட்டேங்கறா?" என்றாள் நர்ஸ். "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வந்து கேக்கலையே."

முத்திரை வைத்த ஆதாரம் இருந்ததால் நிலையத்துக் குமாஸ்தா அந்த வருடப் படிவத்துக்கு எண் போட்டாக வேண்டியிருந்தது. எண் போட்ட படிவம் தொலையாது. ஆனால் நகரவும் இல்லை.

ஏழாம் வருடம் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. நாட்டுத் தலைவரே திறக்க வருகிறார், மூன்று மணி நேர நேரலை. வாய் தவறாமல் அத்தனை நேரம் பேச அவளை விட்டால் ஆள் இல்லை. திறப்புக்கு இரண்டு நாள் முன்பு அவள் செய்தித் தலைவர் அறைக்குப் போய் விதிப் புத்தகத்தை விரித்து வைத்தாள்.

"என்னம்மா இது?"

"நாப்பத்திரண்டாம் பக்கம் சார். எண் போட்ட திருத்தம் பாக்கி இருக்கிற வாசிப்பாளர் முக்கிய நேரலையில உக்காரக் கூடாது. எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு."

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"மிரட்டுறியா?"

"இல்ல சார். விதியை மீறிட்டு உக்காந்தேன்னு நாளைக்கு உங்களைக் கேப்பாங்களேன்னு சொல்ல வந்தேன்."

"நீ கத்திட்டே திரிஞ்ச காலத்துலயே உன்னைச் சமாளிச்சிருக்கலாம்மா. இப்ப விதி படிக்கக் கத்துக்கிட்டே."

படிவத்தை இழுத்து, "தடியடியில்" என்ற சொல்லை அடித்தார். ஓரத்தில், காலை ஆறு பத்துச் செய்தி என்று எழுதினார். அது ஊரே பல் தேய்க்கிற நேரம். கையெழுத்துப் போட்டார். அடித்த சொல்லுக்காக அவள் மல்லுக்கு நிற்கவில்லை. ஜனங்களை யார் அடித்தது என்பது இன்னொரு நாள் சண்டை. இன்றைக்குக் காயம் காயமானால் போதும்.

மறுநாள் காலை, கைப்பையில் தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதத்தோடு போனாள். நேரலைக்கு வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

"ஒரு திருத்தம். ஏழு ஆண்டுகளுக்கு முன் நடைபாலச் சம்பவத்தில் யாருக்கும் காயம் இல்லை என்று இந்நிலையம் தெரிவித்தது. அது தவறு. பதினான்கு பேர் காயமடைந்தனர்."

பதினோரு வினாடி. பதிவேட்டில் ஏறும்வரை நின்று பார்த்து, முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொண்டாள். கடிதத்தைக் கொடுக்கத் தலைவர் ஒன்பதரைக்கு மேல்தான் வருவார். தம்பியை ஒன்பதுக்குத் திருப்ப வேண்டும். வீட்டுக்குப் போய் வரலாம் என்று கிளம்பினாள்.

தொலைக்காட்சிப் பெட்டி சுவர்ப்பக்கத்திலிருந்து அறைப்பக்கம் திரும்பியிருந்தது. திரையைத் துடைத்துக்கூட வைத்திருந்தாள் அத்தை. தம்பி கூரையைப் பார்த்தபடி சொன்னான், "சொல்ல வேண்டியதுல பாதி முழுங்கிட்டியே."

"பாதியை அடிச்சிட்டாங்க. மீதிக்கு முத்திரை இருக்கு. மையத்துல கட்டிலுக்கு எழுதிப் போடலாம்."

"சரிக்கா. முதல்ல தண்ணி குடு."

ஏழு வருடம் கழித்து வந்த "அக்கா". தண்ணீர் கொடுத்தாள். நகலை அவன் தலையணைக்கு அருகில் வைக்கும்போது தையற்காரி வாசற்படி ஏறி உள்ளே வந்தாள்.

"யாருடி பதினாலு பேருன்னு சொன்னது?"

"மாவுக்கட்டுப் புஸ்தகம்."

"அந்தப் புஸ்தகத்துக்கு எண்ணத் தெரியாது." வலது கையை நீட்டினாள். குழாய் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். பாதியில் நின்றது. எலும்பு ஒட்டியிருந்தது, கோணலாக. காகிதம் வீசியதும் இடது கை, பை தூக்குவதும் இடது கை. இத்தனை வருடம் ஓர் உடம்பின் ஒவ்வோர் அங்குலத்தையும் பார்த்தவளுக்கு இது கண்ணில் படவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"எலும்பு கட்டுறவர்கிட்ட போனேன். தையக்காரி கை போச்சுன்னு வெளியே தெரிஞ்சா எவ துணி குடுப்பா?"

"வாரம் ஒருதரம் வந்து என்னைத் திட்டினியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ கேட்டியா?"

தம்பி படுக்கையிலிருந்து சிரித்தான். "திருத்தத்துக்கே திருத்தமா? இனி நீ அந்த நாற்காலியை விட்ட மாதிரிதான்."

காலையில் வாசித்தவளும் அவள்தான். பணியில் இல்லையென்றால் பதினான்கு பதினான்காகவே நின்றுவிடும். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மருந்துப் பெட்டிக்கு அடியில், தட்டையாக இருக்கும்படி வைத்தாள். அதே பையில் வெற்றுப் படிவம் எப்போதும் மூன்று இருக்கும்.

"நாளன்னிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போறோம். பழைய முறிவும் படத்துல தெரியும்."

"நாளைக்கே போகலாமே?"

"நாளைக்கு எனக்கு மூணு மணி நேர நேரலை." மணி ஒன்பது ஆகியிருந்தது. "நீ அந்தப் பக்கம் பிடி, இடது கையாலதான். முதல்ல இவனைத் திருப்பணும்."

இருவருமாகத் திருப்பினார்கள். குதிகாலைப் பார்த்தாள், சிவப்பு இல்லை. பிறகு பேனாவைத் திறந்தாள்.

"முழுப் பேரு சொல்லு. வயசைக் குறைக்காதே."