ஹீலோவில் நான் கட்டிய வரப்பு

ஹவாய்த் தீவுகளுள் பெரிய தீவின் கிழக்குக் கரையில், ஹீலோ என்னும் ஊரில் ஐந்தாண்டுகளாக வாழ்கிறோம். இங்கே மழை செய்தியன்று, மழையின்மைதான் செய்தி. நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்துவிட்டால், நான் வேலை செய்யும் கடைக்கு வருகிறவர்கள் நின்று அதைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். திருச்சுழிக்குத் தெற்கே, மூன்று நல்ல மழை இறங்கினால் ஆண்டு தப்பிவிட்டது என்று மூச்சுவிடும் ஊரில் பிறந்தவன் நான். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

என் மனைவி பந்தல்குடிக்காரி. கூலிக்குக் களையெடுத்த குடும்பத்திலிருந்து படித்துச் செவிலியானவள். அவளுக்கு இங்குள்ள மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் வந்தோம். அருப்புக்கோட்டையில் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு இங்கே கற்பிக்க யாருமில்லை. காய்கறிக் கடையொன்றில் அடுக்கும் வேலையில் சேர்ந்தேன். விடியுமுன் போய்க் கீரைக்கட்டுகளை வரிசைப்படுத்த வேண்டும். அவை வாடாமலிருக்க, மேலேயுள்ள குழாய்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாகவே நீரைப் புகைபோலத் தெளிக்கும். முதல் நாள், கீழே சொட்டும் நீரை வீணாக்க மனமில்லாமல் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். தரை துடைப்பவர் தம் வாளியை மறந்துவிட்டார் என்றெண்ணிக் கண்காணிப்பாளர் அம்மையார் அதை எடுத்துப் போனார்.

அடுத்த வீட்டுக்காரர் பிலிப்பைன்ஸ் நாட்டவர்; என் வயதுதான். கடற்கரை விடுதியொன்றில் அறைகளைத் துப்புரவு செய்கிறார். அவருடைய மனைவியும் மகளும் குடியேறும் அனுமதிக்காக ஊரில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மகள் பிறந்தபின் அவளோடு அவர் இருந்தது, விடுமுறைக்குப் போன இரண்டு முறைகளில் மட்டும். அனுமதி நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் பின்புறம் நிலமுள்ள இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து எட்டுப் பப்பாளிக் கன்றுகளை நட்டார். குடும்பம் வந்து இறங்கும்போது மரத்தில் பழம் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மகளிடம் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கருவியை மரங்களின் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவள் அங்கிருந்தபடியே காய்களை எண்ணுவாள்.

அனுமதி வந்தது. அழைத்துவர ஆறு வாரம் விடுப்பெடுத்துப் புறப்பட்டார். போகுமுன் என்னைக் கூட்டிப்போய் மரங்களைக் காட்டினார். காய்கள் கைப்பிடியளவு தாண்டியிருந்தன. திரும்பி வரும்போது அடிவரிசை மஞ்சள் பூத்துவிடும் என்றார். வேலிக் கதவைச் சாத்தி வைத்துக் காட்டுப்பன்றி நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும், தண்ணீர் விட வேண்டியதில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

என் பிழை அங்கே தொடங்கியது. எங்கள் பக்கத்தில் எவரும் இன்னொருவரிடம், என் செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார். குடத்துக்காகக் குழாயடியில் காத்துக் கிடக்கும் ஊரில் அதைவிடப் பெரிய உதவியில்லை. ஆகவே ‘தண்ணி எல்லாம் வேணாம்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள்; அடுத்த வீட்டார் மனமறிந்து ஊற்றுவார். அவர் சொன்னதை அந்தக் கணக்கிலேயே நான் எடுத்துக்கொண்டேன். நயமான மனிதர் என்று மனைவியிடம் மெச்சியும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறன்று தீவின் மேற்குக் கரைக்குப் போனோம். ஞாயிறுதோறும் எங்காவது போவது எங்கள் வழக்கம்: ஒரு வாரம் அருவி, ஒரு வாரம் கருமணல் கடற்கரை, விருந்தினர் வந்தால் எரிமலை. மேற்குக்கு அதுவரை போனதில்லை. மலையைக் கடந்ததும் பசுமை நின்றுவிட்டது. வெளுத்த புல்லும் கருகிய கல்லும் வெயிலில் கிடந்தன. கடற்கரையோரம் வண்டியை நிறுத்தி இறங்கியதும் மனைவியின் செருப்பில் முள் ஏறியது. பிடுங்கிப் பார்த்தவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சாதி. இலையும் நெற்றும் முள்ளும் அப்படியே.

“இது நமக்கு முன்னாடியே வந்து குடியேறிருச்சுங்க” என்றாள். “இதுக்கு யாரு அனுமதி குடுத்தாக?”

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை அந்த முள்மரத்தின் சல்லடை நிழலில் உட்கார்ந்து உண்டோம். திரும்பும் வழியில் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. ஒரே தீவு, இரண்டு மணி நேரத் தொலைவு. அந்த வறட்சி மலையைக் கடந்து இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரமாகும்? வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹீலோவிலும் மூன்று நாளாக மழையில்லை. பப்பாளி இலைகள் மாலை வெயிலில் சற்றே தொங்கியிருந்தன. அவை எல்லா மாலையும் அப்படித்தான் தொங்கியிருக்கும். நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். அவர் மரங்களைச் சிறு மேடுகளில் நட்டிருந்தார். அந்த மேடுகளின் தலையைச் செதுக்கி மரத்தைச் சுற்றி வட்டமாக வரப்புக் கட்டினேன். சரிவுப்பக்கம் இன்னும் உயர்த்தி, ஈரமண்ணை மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி வழவழப்பாக்கினேன். எங்கள் மானாவாரிக் காட்டில் பருவ மழைக்கு முன் செய்யும் வேலை அது. பிள்ளை வயதிலேயே கற்றது, கை மறந்திருக்கவில்லை. எட்டும் முடிக்க இரண்டு மாலைகள் ஆயின.

மூன்றாம் நாள் மழை வந்தது. எட்டு வட்டங்களும் நிரம்பி நின்றதைப் படம்பிடித்து என் பெரியப்பா மகனுக்கு அனுப்பினேன். அவன் எனக்கு ஒரு மாதமே மூத்தவன். எங்கள் இருவர் காட்டையும் அவன்தான் உழுகிறான். இங்கே மாலையானால் அங்கே மறுநாள் காலை. உடனே அழைத்தான்.

“ஏலே, ஒரு சொட்டு வெளிய போகலயே. பாக்கவே வயிறு குளுந்துபோச்சு. மிச்சத்த நம்ம காட்டுப் பக்கம் ரெண்டு நாளைக்குத் திருப்பி விடு.”

விதைத்த குதிரைவாலி முளைத்து, அடுத்த மழைக்கு ஏங்கி நிற்கிறது என்றான். அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்து வந்ததும் பின்கட்டில் நின்று வட்டங்களைப் பார்ப்பது எனக்கு இன்பமாக இருந்தது. மழை விடவே இல்லை. பத்து நாள், பதினைந்து நாள். கடையில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு இலைகள் வெளுத்தன. உரம் போதவில்லை என்று நினைத்து உரமிட்டேன். அடியிலைகள் உதிர்ந்தன, காம்பு தளர்ந்து காய்கள் தாமாகவே விழத் தொடங்கின. ஒரு மாலை, வேலை முடிந்து வந்த மனைவி சீருடையோடே வேலியைக் கடந்துபோய் ஒரு மரத்தின் அடியை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எங்க வார்டுல ஒருத்தவுக இருக்காக. இருதயம் பலமில்ல. ஒரு நாளைக்கு இம்புட்டுத்தான் தண்ணின்னு அளந்து குடுக்கோம். தாகமா இருக்குன்னு கெஞ்சுவாக. பாவம்னு ஒரு டம்ளரு கூடக் குடுத்தா, காலு வீங்கி மூச்சு முட்டிரும். நீங்க பாவம்னு குடுத்துருக்கீக.”

அப்போதும் என் மனம் ஒப்பவில்லை. தண்ணீர் நிற்பதால் ஒன்று சாகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. “வெட்டி விடுங்க” என்றாள். மண்வெட்டியைக் கையில் எடுத்த பின்னும் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் வரப்பை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டவன் பெயர் அவன் பேரப்பிள்ளை காலம்வரை பேசப்படும். அப்படி ஒரு வெட்டினால் பேச்சற்றுப் போன இரண்டு குடும்பங்கள் ஒரே தெருவில் இருக்கின்றன. முதல் வட்டத்தை அவளே காலால் உடைத்தாள். மற்ற ஏழையும் நான் வெட்டினேன். நீர் சரிவில் ஓடி வேலிக்கு அப்பால் போய் மறைந்தது. வேலியோரம், உயரமான இடத்தில் நின்ற ஒன்று மட்டும் பிழைத்தது. மற்றவை அடுத்த பத்து நாளில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. விழுந்த காய்களை எறிய மனம் வரவில்லை. பொறுக்கி, எங்கள் வீட்டு நிழலில் கூடைகளில் போட்டுவைத்தேன்.

பெரியப்பா மகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

“வரப்ப வெட்டுனியா? நீயா? யாரு வரப்புலே அது?”

“நான் கட்டுனதுதான்.”

“அப்ப ஒன் மேல நீயே பிராது குடுக்கணும்.” கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு, “அந்தாளுகிட்டச் சொல்லிட்டியா?” என்றான்.

சொல்லவில்லை. பலமுறை எழுதி எழுதி அழித்திருந்தேன். ஆறாண்டு காத்திருந்து மனைவி மகளோடு ஒரே வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் மனிதரை எந்தச் சொல்லால் எழுப்புவது என்று தெரியவில்லை.

“அவுக வந்து மரத்தப் பாக்குறதுக்கு முன்னாடி ஒன் வாயால சொல்லிரு” என்றான். “பாத்தபெறகு சொல்லாதலே. அது நல்லாருக்காது.”

அவர்கள் வரும் நாளில் விமான நிலையத்துக்கு எங்கள் வண்டியைக் கொண்டுபோனோம். இங்கே வருகிறவர்களுக்குப் பூமாலை போடுவது வழக்கம். மதுரைப் பக்கம் விளையும் அதே மல்லிகை இங்கும் மாலைக்கு உகந்தது. மனைவி நம்மூர்ச் சரமாக நெருக்கிக் கட்டியிருந்தாள். தாயும் மகளும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து முகர்ந்தபடியே வந்தார்கள். வண்டி கிளம்பியதும் பின்னிருக்கையிலிருந்து மகள் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்: எத்தனை பழுத்திருக்கின்றன?

வீட்டுக்கு இன்னும் பத்து நிமிட வழி இருந்தது. கடற்கரைச் சாலையில், ஆலமரங்களின் கீழ் வண்டியை நிறுத்தினேன். மரங்கள் போய்விட்டன என்று அவரைப் பார்த்துச் சொன்னேன்.

“பன்றியா?” என்றார்.

“இல்லை. நான்.”

வரப்புக் கட்டியதைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. தண்ணீர் போகாமல் அணை கட்டினேன் என்று கைகளால் வட்டமிட்டுக் காட்டினேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டுமா?”

“ஒன்று நிற்கிறது.”

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, தம் மொழியில் மனைவிக்கு எடுத்துச் சொன்னார். மகள் மாலையை மூக்கிலிருந்து இறக்கிவிட்டாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த அம்மாள் ஏதோ கேட்டார். அவர் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: விழுந்த காய்களை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள்.

வைத்திருக்கிறேன் என்றேன். அதைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகம் மாறியது. அவர்கள் ஊரில் கோழிச்சாற்றில் இஞ்சியோடு பச்சைப் பப்பாளியைத்தான் போடுவார்களாம். பழம் பிறகு ஆகட்டும், முதல் சமையலுக்குக் காய்தான் வேண்டும் என்றார். வீட்டுக்குள் பெட்டியை வைத்த கையோடு எங்கள் வாசலுக்கு வந்து, கூடையைக் கிளறி, அழுகாதவற்றைத் தாமே பொறுக்கி எடுத்துப் போனார். மிஞ்சிய நல்ல காய்களில் என் மனைவி தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்தாள். இருட்டுமுன் ஐந்து பேரும் அவர்கள் மேசையில் உட்கார்ந்தோம். மகள் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். அவள் தந்தை சாப்பிட்டுக்கொண்டே பின்கட்டுச் சாளரத்தை அவ்வப்போது பார்த்தார். அங்கே சரிவில் ஏழு குழிகளில் மழைநீர் கிடந்தது.

அடுத்த ஞாயிறு நாங்கள் எங்கும் போகவில்லை. அவர் சந்தையிலிருந்து ஏழு கன்றுகள் வாங்கி வந்திருந்தார். கல்லும் மண்ணும் கலந்து முழங்காலளவு மேடுகள் போட்டோம். அவர் வெட்டிக் கொடுத்தார், நான் கொட்டினேன். கடைசிக் கன்றை நடும்படி என்னிடம் நீட்டினார். நட்டு, அடிமண்ணை அழுத்தினேன். நிமிர்ந்தபோது அவர் பார்வை என் வலக்கையில் இருந்தது. அது கன்றைச் சுற்றி, எனக்குத் தெரியாமலேயே, மண்ணை வட்டமாகக் கூட்டிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துக்கொண்டேன்.