இரண்டு கிலோ மக்ரூனும் ஒரு வெள்ளைப் பொட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் மனைவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத் திரை, பழைய டிவியில் படம் வராதபோது பெய்யும் புள்ளி மழை. நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"இதுதானா?"

"அங்கனதான் இருக்கணும். இருக்கு" என்றாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். புனேக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் நிற்கும் ராட்சத ஆன்டெனாக்களில் நேரம் கேட்டு வாங்கி வானத்தில் ஒரே ஓர் இடத்தை உற்றுக் கேட்பது அவளுடைய இன்னொரு பாதி வாழ்க்கை. அங்கே ஒரு விண்மீன் பெரிய கருந்துளைக்குப் பக்கத்தில் போய்விட்டது. நான் படகுகளுக்குக் கயிறும் பெயின்டும் விற்கிறவன், என் பாஷையில்தான் எனக்குப் புரியும். கிட்ட இருக்கும் பக்கத்தைக் கருந்துளை கூடுதலாக இழுக்கிறது, எட்ட இருக்கும் பக்கத்தைக் குறைவாக. அந்த இழுவையில் உருண்டை நீண்டு, பழங்கயிறு போலப் புரி புரியாகப் பிரிந்து, நார் நாராகிறது. பாதி உள்ளே போகிறது, பாதி வெளியே சிதறி ஓடுகிறது. ஓடுகிற நார் சுற்றியுள்ள வாயுவில் மோதினால் ரேடியோ அலை கிளம்பும். மோதினால்.

விண்மீன் கிழிந்தபோது வந்த வெளிச்சத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ரேடியோவில் மட்டும் ஒரு முனகல் கிடையாது. இரண்டு தடவை பார்த்தார்கள், இரண்டு தடவையும் வெறுந்திரை. போதும் என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். சில கருந்துளைகள் வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு அப்புறம்தான் பேசும், இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று இவள் ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்று வாங்கிய நேரம் இது. இதிலும் ஒன்றுமில்லை என்றால் அந்த இடத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

எங்கள் கடைக்காரத் தெருவில் நல்ல சேதியை வெறுங்கையோடு சொல்லும் வழக்கமில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து பேக்கரிக்கு ஓடினேன். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும், மீதி எல்லாம் காற்றுமான மக்ரூன் இரண்டு கிலோ என்றால் அது ஒரு மூட்டை. அணைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். என் பழைய வாடிக்கையாளரான விசைப்படகு டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவர் கையிலும் ஒரு மக்ரூன் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, மகளுக்குப் பேசி முடிச்சாச்சா?"

"இல்லவே. ஒரு நட்சத்திரம் செத்துப்போச்சு."

வாயில் போட்டதை மெல்லாமல் நின்றார். "துட்டிக்கா அண்ணாச்சி மக்ரூன் கொடுக்கிய?"

"அது செத்து ரொம்ப நாளாச்சுவே. இன்னைக்குத்தான் அங்க இருந்து சத்தம் வந்திருக்கு."

"அப்ப நம்ம இன்ஜின் மாதிரின்னு சொல்லுங்க. ஆஃப் பண்ணி அரைமணி கழிச்சு ஒரு வெடி வெடிக்கும்" என்று இன்ஜினுக்கும் சேர்த்து இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஈரத்தலையோடு அவள் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயிருந்தாள்.

"என்ன செஞ்சிட்டு வாரிய?"

"எல்லாருக்கும் சொல்லிட்டு வாரேன்."

"நானே இன்னும் சொல்லலயே."

உட்கார வைத்துக் காட்டினாள். திரையின் மூலையில் வேறொரு பிரகாசமான விண்மீன் மண்டலம். குளத்தில் கல் எறிந்தாற்போல அதைச் சுற்றி வளையம் வளையமாக அலை. அந்த வளையங்களில் ஒன்று நம் பொட்டின் மேலேயே போகிறது. பொட்டு என்று நாம் பார்த்தது அந்த வளையத்தின் மேடாகவே இருக்கலாம். அந்தப் பிரகாசத்தைப் படத்திலிருந்து கழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"கழிச்சா போயிருமா?"

"போனாலும் போகும். எத்தன வீட்டுக்குக் கொடுத்திய?"

"பதினாலு."

"பதினாலு வீட்டுலயும் போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க."

உதடு மட்டும் சிரித்தது. பிறகு மடிக்கணினிக்குத் திரும்பினாள். நான் மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். உப்புக்காற்று சட்டைக்குள் புகுந்து ஊதியது. ஏழாவது தடவை இறங்கும்போது, "ஒரு இடத்துல இருங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

நாலு மணிக்கு வளையங்கள் இல்லாத படம் வந்தது. பொட்டு பாதியாகச் சிறுத்திருந்தது. அவள் அதையும் நம்பவில்லை. பார்த்த நேரத்தை முன்பாதி, பின்பாதி என இரண்டாக வெட்டித் தனித்தனிப் படம் செய்தாள். பூமி சுற்றச் சுற்ற வளையம் இடம் மாறும், நிஜம் மாறாது என்றாள். இரண்டையும் அருகருகே வைத்தாள். முன்பாதியில் இருந்த அதே இடத்தில் பின்பாதியிலும், மங்கலாக, பிடிவாதமாக.

"இருக்குங்க" என்றாள்.

படங்களைக் கூட்டாளிகளுக்கு அனுப்பினாள். கடிதத்தில் 'நான் அப்போதே சொன்னேன்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். போதும் என்று அதிகச் சத்தமாகச் சொன்னவரிடமிருந்துதான் முதல் பதில் வந்தது, ஒரே வரியில். அடுத்து எப்போது பார்க்கலாம்?

அதை மூன்று குரலில் வாசித்துக் காட்டினாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கூடத்தில் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயசு. நாற்காலி சரிந்தது, காலண்டர் ஆணியோடு வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நிறுத்துவாள் என்று நினைத்தேன், திசையை மட்டும் மாற்றினாள்.