யுவே-சின் அக்காவின் ரிட்டெய்னர்

எங்கள் சந்தில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் யுவே-சின் அக்கா ஐம்பது வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டவள். தைவானின் தைனான் நகரமே சிரித்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் சந்து சிரித்தது. பக்கத்தில் பழக்கடை வைத்திருக்கும் நானும்தான்.

"பேரன் எடுக்குற வயசுல பல்லு கட்டுறியே, மாப்பிள்ளை யாரு அக்கா?"

"நீ விக்கிற கொய்யாவ முழுசா கடிக்கணும்டி, அதுக்குத்தான்" என்றாள், கையால் வாயை மூடிக்கொண்டே. பள்ளிக்கூடத்தில் யாரோ எலிப்பல் என்று கூப்பிட்ட நாளிலிருந்து, சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். பல் நேரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கிளிப்பைக் கழற்றியதும் டாக்டர் ரிட்டெய்னர் கொடுத்தார். பல்மேல் மாட்டும் மெல்லிய உறை, சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். முதல் மாதமே தொலைத்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததில் பற்கள் பழையபடி திரும்பின. மறுபடி எட்டு மாதம் கிளிப். இரண்டாவது ரிட்டெய்னரைக் கொடுக்கும்போது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதையும் தொலைச்சிட்டு, பல்லு கோணிடுச்சுன்னு வந்தீங்கன்னா நான் தொட மாட்டேன்."

போன வியாழக்கிழமை நாலு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வந்தது. எல்லோரையும் போல அவளும் ஓடிப்போய், மீந்த சாப்பாட்டு வாளியை வண்டியின் பின்னால் இருந்த பன்றித் தீவனப் பீப்பாயில் கவிழ்த்தாள். வண்டி நகர்ந்தது. என் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் நாக்கால் பல்லைத் துழாவினாள். முகம் வெளுத்துவிட்டது. மதியம் சாப்பிடக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டோரம் வைத்த ரிட்டெய்னர், மீந்த நூடுல்ஸோடு வாளிக்குள் போயிருக்கிறது.

செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் பாட்டு கேட்ட திசையில் ஓடினாள். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மூன்றாவது தெருமுனையில் வண்டி நின்றிருந்தது.

"அண்ணே, போயிடாதீங்க! என் பல்லு உள்ள இருக்கு!"

வண்டிக்காரர் பதறிப்போனார். "பல்லா? யாரும்மா அடிச்சது?"

நான் விஷயத்தைச் சொன்னேன். வாளியோடு நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. "விடுக்கா, பன்னியாவது மாட்டிக்கிட்டு அழகா இருக்கட்டும்!" என்றாள் ஒரு வாயாடி.

அக்கா காதில் வாங்கவில்லை. இரண்டு கையையும் பீப்பாய்க்குள் தோள்வரை விட்டாள். வண்டிக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து, அது கிடைத்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் கசங்கிய டிஷ்யூ ஒன்றை வெளியே எடுத்துப் பிரித்தாள். உள்ளே ரிட்டெய்னர், ஒரு கீறல் இல்லாமல்.

"கெடச்சிருச்சுடி!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம்போல் கை வாய்க்குப் போய், பாதியில் நின்றது. இரண்டு கையிலும் தோள்வரை புளித்த எச்சில் சோறு வழிந்துகொண்டிருந்தது. மூட வழியில்லை. நாற்பது வருஷம் அடக்கி வைத்ததையும் சேர்த்து, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சிரித்தாள்.

வாயாடி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "யக்கா, இவ்ளோ அழகான பல்லையா மூடி வெச்சிருந்த?"

"நல்லா பார்த்துக்கோடி" என்று அக்கா இன்னும் அகலமாகச் சிரித்தாள்.