டாக்டரிடம் மறைத்த டிபி

செலியமேட்டில் எங்களுக்குக் கரும்பு விவசாயம். போன வருடம் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. "முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்திருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் கணவர் இருந்ததால் "இல்லை" என்றேன். கல்யாணத்துக்கு முன்பு எனக்கு டிபி வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமானது. அதைச் சொல்லாமலேதான் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தார்.

அந்த மருத்துவமனையில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன், ஸ்கேன் டாக்டர்கள் எல்லோரும் வியாழக்கிழமைதோறும் ஒன்றாக உட்கார்ந்து, யாருக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்வார்கள். என்னைப் பற்றிப் பேசிய அன்று நர்ஸ் போன் செய்தார்.

"நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுதும்மா. நோய் அங்க பரவியிருந்தா வைத்தியத்தையே மாத்தணும்னு பேசறாங்க. ஸ்கேன் டாக்டர் மட்டும், பழைய டிபி தழும்பா இருக்கலாம், கேளுங்கன்றார்."

கணவர் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே உண்மையைச் சொன்னேன்.

போனை வைத்ததும், "இதுக்காடி இத்தினி வருஷம் பயந்துகினு இருந்த?" என்றார்.

மேலும் பரிசோதித்ததில் அது தழும்புதான் என்று உறுதியானது. முதலில் திட்டமிட்டபடியே ஆபரேஷன் நடந்தது.

இப்போது டிபி வந்த விவரத்தை எழுதி, என் ஃபைலில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்பதற்கு முன்பே அதை எடுத்து நீட்டுபவர் என் கணவர்.