அந்தியோகியாவும் மூன்றாவது ஓலையும்

லிங்கராஜபுரத்து ஹெர்பர்ட் வாத்தியாருக்கு வாயில்தான் சனி. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியது போதாதென்று, ஞாயிறு மாலை கோயிலில் வேதபாட வகுப்பும் நடத்தினார்.

1958-இல் அவர் மகள் யூனிஸுக்கும் சபை மூப்பர் ஓஸ்வால்டின் மகன் சிரிலுக்கும் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரை அறிவிப்பார்கள்; ஆட்சேபம் இருந்தால் எழுந்து சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்தும் யாரும் எழவில்லை. வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை வகுப்பில் அந்தியோகியா பட்டணம் வந்தது.

“ஒரு ராஜா தன் அப்பா அந்தியோகுஸ் பேர்ல கட்டின ஊரு. கிறிஸ்தவங்கன்னு நமக்கு முதல்ல பேரு வந்ததும் அங்கதான். அப்புறம் பூகம்பத்துல ஊரே இடிஞ்சு போச்சு. சாமி காப்பாத்தட்டும்னு ‘தேவனுடைய நகரம்’னு பேரை மாத்தினாங்க,” என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“எங்கப்பாவும் அப்படித்தான். கன்டோன்மென்ட்ல செத்த குதிரைங்களை இழுத்துப் போட்ட பச்சைமுத்து, ஞானஸ்நானம் வாங்கி பெஞ்சமின் ஆனாரு. இங்க எல்லாருக்கும் கிறிஸ்தவங்கன்னு ஒரே பேருதானே?”

முன்வரிசையில் ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமினார். அவர் குடும்பம் வேதத்துக்கு வந்து நாலு தலைமுறை. ஜாதியும் பத்திரமாகக் கூடவே வந்திருந்தது.

மறுநாள் வாத்தியார் வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரையும் தொடவில்லை.

“பேரை மாத்தின பிறகு அந்த ஊரு என்ன ஆச்சு, வாத்தியாரே?”

“அப்புறமும் பூமி ஆடிச்சுங்க.”

“அதான். பேரை மாத்தினா மண்ணு மாறுமா? எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. தப்பா நினைக்காதீங்க.”

மூன்றாவது ஞாயிறு போதகர் ஓலையை எடுக்கவே இல்லை. நேராகப் பாட்டு நம்பரைச் சொன்னார். ஏன் என்று கேட்கச் சபையில் ஒரு நாதியில்லை. சிரில் குனிந்த தலை நிமிரவில்லை. கோழைப்பயல். ஹெர்பர்ட்டுக்குப் பாட்டுப் புத்தகத்தில் எழுத்தே தெரியவில்லை.

வீட்டில் யூனிஸ் அழவில்லை. அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஊருக்குக் கடைசில எந்தப் பேருப்பா நின்னுச்சு?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“பழைய பேருதாம்மா. அந்தாக்கியான்னு தேஞ்சு போயிருக்கு.”

“சாமி பேரு?”

“அதை யாரும் கூப்பிடலை.”